சொந்த விருப்பத்தின் பேரில்

செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவும் நலம், அவள் முழங்கால் நீங்கலாக. அதற்குத் தனியாக ஒரு கடிதம் போட வேண்டும். நீ எப்படி இருக்கிறாய்? மருந்துக் கம்பெனியில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலையா? போனில் கேட்கலாம் என்றால் உங்கள் விடுதி வார்டன் நம் பேச்சிலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதத்துக்குக் காது கிடையாது.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. என்னைப் பள்ளியின் பருவ மடலுக்கு ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும் நாலு பக்கம் நகலெடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பார்களே, அதுதான். பருவ விழாவில் மேடையேறி வாசிப்பதும் ஆசிரியர் வேலை. கையெழுத்துக்காகப் போட்டார்களா, வாய்க்காகப் போட்டார்களா என்று தெரியவில்லை.

இந்தப் பருவம் செய்திக்குப் பஞ்சமில்லை. நாடகம், கால்பந்து, அறிவியல் கண்காட்சி, நூலக வாரம். என் பெஞ்சுக்காரி நெட்டைதான் பெண்கள் அணிக்குக் கோல் கீப்பர். மைக் செட் பொறுப்பு ரேடியோவிடம். அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தும் பொத்தான் கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர். "இந்த வருஷம் பத்தாவதுல நூத்துக்கு நூறு. ஒருத்தர்கூட ஃபெயில் ஆகக் கூடாது" என்று ஹெச்.எம். காலைக் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

நீ படித்தபோதும் இவர்தானே ஹெச்.எம்.?

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உன் வாலு


செப்டம்பர் 26

வாலு,

நீயும் அம்மாவும் சுகம் என்றறிந்து எனக்கும் பாதி சுகம். மீதி, என் காலைப் பொறுத்தது. எட்டு மணி நேரம் நின்றபடிதான் வேலை. பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வரிசையாக வரும். ஒரு குழியில் மாத்திரை இல்லை என்றாலும், மாத்திரை உடைந்திருந்தாலும், அந்த அட்டையை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். கண்ணை மூடினாலும் அட்டை ஓடுகிறது.

ஆசிரியரம்மாவுக்கு வாழ்த்து. சிரித்தேன்தான், ஆனால் அறையில் இருந்த மூன்று பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் சிரித்தேன்.

ஆமாம், அதே ஹெச்.எம்.தான்.

கணக்கு எப்படிப் போகிறது? மடல் மடல் என்று கணக்கைக் கோட்டை விடாதே. எனக்குப் படிப்பு ஏறவில்லை, பத்தாவதோடு நின்றேன். உனக்கு அப்படியில்லை. காலாண்டு மார்க்கை எழுது.

அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடச் சொல்லிச் சலவைக் கடைக்காரரிடம் கேள். நீ கேட்டால் தருவார். உன் வாய்க்குப் பயப்படாதவர் யார்?

அக்கா


நவம்பர் 7

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபிக்காதே. எல்லோரும் சுகம். முக்காலி வந்துவிட்டது. அம்மா அதில் உட்காராமல் துணி மூட்டையை வைத்திருக்கிறாள்.

நம் பள்ளி நாடகம் வட்டாரப் போட்டியில் முதல் பரிசு! ராணி வேஷம் போட்டவள் எங்கள் வகுப்புப் பூனை. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். மேடையில் அவள் "என் முன்னால் யாரடா நிமிர்ந்து நிற்பது?" என்று கேட்டபோது முன்வரிசையில் இருந்த நடுவர் நிஜமாகவே குனிந்துவிட்டார். கால்பந்தில் அரை இறுதி வரை போனோம். நெட்டை நாலு பெனால்டியைத் தடுத்தாள்.

இன்னொன்று. பத்தாவதில் பதினோரு பேரை ஹெச்.எம். தன் அறைக்குக் கூப்பிட்டார். மார்க் குறைந்தவர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். "என் பிள்ளையைச் சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்" என்று அச்சடித்திருக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்களாம். அவர்கள் வெளியிலிருந்து தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாமாம். தோற்றாலும் பள்ளிக் கணக்கில் வராது. பருவ விழாவுக்கு முன் தாள் திரும்பி வர வேண்டும். பாவம், அவர்கள்.

மடலில் இதைப் போடலாமா என்று யோசிக்கிறேன். போடவிட மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


நவம்பர் 14

வாலு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

அந்தத் தாளில் ஒருவரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அந்தப் பதினோரு பேரிடமும் சொல். இன்றைக்கே சொல். மாத்திரையை ஒதுக்குவது என் வேலை, அதற்கு எனக்குச் சம்பளம். பிள்ளைகளை ஒதுக்குவதற்கா ஒரு பள்ளிக்கூடம்? இத்தனை வருடம் கூடவே உட்கார வைத்துவிட்டு, தேர்வு வரும்போது "நீ எங்கள் பிள்ளை இல்லை" என்றால் என்ன அர்த்தம்?

பதினோரு பேரும் யார் யார்? உன் காலாண்டு மார்க் எங்கே? கேட்டு ஏழு வாரம் ஆகிறது.

அக்கா


டிசம்பர் 1

வாலு,

பதினேழு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூச்சுவிடாமல் பேசுகிறவள் வாயை மூடினால் அதற்குக் காரணம் இருக்கும்.

ஒரே கேள்வி. அந்தப் பதினோரு பேரில் நீ இருக்கிறாயா?

அக்கா


டிசம்பர் 5

அக்கா,

இருக்கிறேன்.

கணக்கில் இருபத்து நாலு. மற்றதெல்லாம் தேறிவிடுவேன், கணக்கு மட்டும் கண்ணைக் கட்டுகிறது. நான், நெட்டை, ரேடியோ, பூனை, இன்னும் ஏழு பேர். தாள் என் பையில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. உன் கடிதங்களை அவளுக்கு வாசிக்கும்போது அந்த வரிகளைத் தாண்டிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாததை நான் இப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்று நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

சண்டை போடத்தான் முதலில் நினைத்தேன். பிறகு உன்னை நினைத்தேன். உனக்கும் படிப்பு ஏறவில்லை, நீயாக நின்றாய், இன்று சொந்தக் காலில் நிற்கிறாய். யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அப்படியே நின்றுவிட்டால் என்ன? உன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா?

இருபதாம் தேதிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும்.

வாலு


டிசம்பர் 9

வாலு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். திரும்பி வந்து பெல்ட்டில் நின்றவள் ஒன்றரை மணி நேரம் ஒரு அட்டையையும் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை என்பது பொய். ஆறு வருடம் சொல்லிச் சொல்லி எனக்கே உண்மையாகிப்போன பொய். என்னையும் அதே அறைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் நாலு பேர். கணக்கிலும் அறிவியலிலும் பின்தங்கியிருந்தேன், அது உண்மை. தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது, அதுவும் உண்மை. அந்த மூன்று மாதத்தை எனக்குத் தரவில்லை. அம்மாவை வரச் சொல்லி, "ஃபெயில்னு வந்துட்டா பொண்ணு பேர்ல காலத்துக்கும் ஒட்டிக்கும்மா" என்றார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாள். வாசலுக்கு வந்ததும், "உனக்கு இஷ்டம்தானேடி?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

என்னோடு படித்தவர்கள் தேர்வு எழுதிய காலைகளில் நான் சலவைக் கடையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். தனியாக எழுதும் விண்ணப்பத்தை எவரும் என் கையில் தரவில்லை. அவமானத்தில் நானும் போய்க் கேட்கவில்லை.

என்னைப் பார்த்து நீ நிற்காதே. நான் நின்றவள் இல்லை, நிறுத்தப்பட்டவள்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துக் காட்டு. ஒரு வரியைத் தாண்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா, உன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த முறை போடாதே. அவ்வளவுதான்.

அக்கா


டிசம்பர் 22

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். எப்போதையும்விட நலம். நிதானமாக உட்கார்ந்து படி, நீளமான கடிதம்.

சலவைக் கடைக்குப் போய்த்தான் படித்துக் காட்டினேன். அம்மா ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீ "ஆமா" என்று சொன்ன இடம் வந்தபோது அதே சட்டையை மறுபடி விரித்தாள். மறுபடியும் தேய்த்தாள். நான் முடித்தபோது அது மூன்றாவது முறை. பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, "அந்தப் பேப்பர எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கிழிப்பாள் என்று நினைத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வா" என்றாள்.

ஹெச்.எம். அறையில் கணக்கு டீச்சரும் இருந்தார். அம்மா கஞ்சி காய்ந்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?" என்றார் ஹெச்.எம்.

"ஆறு வருஷத்துக்கு முன்னால இதே நாற்காலியில உக்காந்து போட்டேன் சார். என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே போட்டேன். இன்னைக்குப் படிச்சுச் சொல்ல ஆளோட வந்திருக்கேன்." என் பக்கம் திரும்பினாள். "படிடி."

படித்தேன். சொந்த விருப்பம் என்ற இடத்தில் அம்மா கை காட்டி நிறுத்தினாள்.

"யாரு விருப்பம் சார் இது?"

"அம்மா, உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். மேலேருந்து எங்களையும் பர்சன்ட் கேட்டு உயிரை எடுக்கறாங்க. ஃபெயில் ஆனா பிள்ளை மனசு ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா ஒட்டிக்குவோம். எழுதவே விடலைன்னா எதை சார் ஒட்டுறது?"

கணக்கு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெச்.எம். கண்ணாடியைத் துடைத்தார். அம்மா தாளை வெறுமையாகவே மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலும் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நானும் நெட்டையும் மற்ற வீடுகளுக்குப் போனோம். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள். சில வீட்டில் வாசலோடு பேசி அனுப்பினார்கள். "பள்ளிக்கூடத்தைப் பகைச்சுக்க முடியுமா?" என்றார் ஒரு அப்பா. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் அதிகம் எரிந்தது.

பிறகு நேற்றைய பருவ விழா. மடலை ஹெச்.எம். முன்பே பார்த்துக் கையொப்பமிட்டிருந்தார். நாடகம் முதல் பரிசு, கால்பந்து அரை இறுதி, கண்காட்சிக்கு எண்ணூறு பேர் வருகை. ஒரு பெயர்கூடக் கிடையாது. எல்லாம் "நம் பள்ளி", "நம் பள்ளி". நான் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, அக்கா. வாசிக்கும்போது பெயரை மட்டும் சேர்த்தேன்.

"நாடகத்தில் நம் பள்ளி முதல் பரிசு பெற்றது. ராணியாக நடித்தவள் பூனை. கால்பந்தில் நாலு பெனால்டியைத் தடுத்தவள் நெட்டை. கண்காட்சியில் ஓடிய காற்றாலையைச் செய்தவன் மூன்றாம் பெஞ்சு முரடன். உங்கள் காதுக்கு என் குரலைக் கொண்டுவருவது ரேடியோ கட்டிய மைக்." இப்படியே பதினோரு பேரையும் சொன்னேன். உண்மைப் பெயரும் சொன்னேன், பட்டப்பெயரும் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினார்கள். நூலக வாரத்துக்கு முன்னூறு புத்தகத்துக்கு அட்டை போட்டவள் என்று என்னையும் சொல்லிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகு சொன்னேன்: "இந்தப் பதினோரு பேருக்கும் பள்ளி ஆளுக்கொரு தாள் கொடுத்திருக்கிறது. அதையும் வாசிக்கிறேன்."

ஹெச்.எம். எழுந்து மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மைக் செட் ரேடியோ கையில். அவனுக்கு நேற்றைக்குப் பார்த்துக் கண் தெரியவில்லை. ஹெச்.எம். இரண்டு கையையும் ஆட்டினார். ரேடியோ அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

வாசித்து முடித்தபோது கைதட்டல் இல்லை. முன்வரிசைப் பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா, "நம்ம புள்ளைக்கும் இப்படித்தான் குடுப்பாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

மேடையிலிருந்து இறங்கினேன். பயம்தான். ஆனாலும் இறங்கியது என் காலில்தான்.

வாலு


ஜனவரி 3

என் தங்கமே,

நலம், நலம், நலம். உன் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். பிறகு பக்கத்து அறையில். பிறகு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் கேட்டார்கள் என்று அங்கேயும். எங்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள்தான், அது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. ரேடியோ கும்பிட்ட இடத்தில் வார்டனே சிரித்துவிட்டார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததை மட்டும் நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அது எனக்கு.

இனி என்ன ஆகும்? மறைக்காமல் எழுது.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகமாயிரு. இரண்டு மாதமாகப் பேனா பிடித்ததெல்லாம் கணக்குக்கே.

மறைக்காமல் எழுதுகிறேன். மடலிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இப்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசிரியர். பெயர் போடாமலே எழுதுகிறான். என்னிடம் இருந்த நூலகச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் விழாவுக்கு மறுநாள் முப்பது பெற்றோர் போய் ஹெச்.எம்.மைப் பார்த்தார்கள். அந்தத் தாள் பேச்சே அதன் பிறகு எழவில்லை.

அதற்குள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்கள். ஒருத்தி பூனை. அவள் வீட்டுக்கு நான் இரண்டு முறை போனேன். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் ராணியாக நின்றவள். அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

மீதி ஒன்பது பேருக்கும் நுழைவுச் சீட்டு வந்துவிட்டது. கணக்கு டீச்சர் தினமும் காலை ஏழு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார். "உங்க அக்காவுக்கும் நான்தான் கணக்கு" என்றார் ஒருநாள். உடனே திரும்பிப் பலகையில் அடுத்த கணக்கை எழுதினார்.

அடுத்த வாரம் தேர்வு. அம்மா எனக்கு இரண்டு பேனா வாங்கி வைத்திருக்கிறாள்.

வாலு


மே 24

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முடிவு வந்தது. நூற்று இருபது பேர் எழுதினோம். ஒன்பது பேரில் ஏழு பேர் பாஸ். நெட்டை, கணக்கில் ஐம்பத்து இரண்டு! முரடன் அறிவியலில் வகுப்பிலேயே முதலாவது. தோற்றது இரண்டு பேர். ரேடியோவும் நானும். எனக்குக் கணக்கு. இருபத்து எட்டு. ஏழு மார்க் போதவில்லை.

குழாயடிக்குப் போய் அழுதேன். பத்து நிமிடம் இருக்கும். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது ஹெச்.எம். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"உங்க ரெண்டு பேராலதான் நூறு போச்சு" என்றார்.

"நீங்க தாள் குடுத்து பாஸான ஏழு பேரும் நாங்கதான் சார்" என்றேன்.

அவர் பலகையை ஒருமுறை பார்த்தார். தன் அறைக்குப் போய்விட்டார்.

நான் பலகையை மறுபடி பார்த்தேன். என் பெயர் இருந்தது. அதற்கு நேராகத் தோல்வி என்றிருந்தது. வெட்கப்பட வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இருபத்து எட்டும் நான் எழுதி வாங்கியது. மீதி ஏழை ஜூலை மறுதேர்வில் போய் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "அவ்வளவுதானா? நான் வேற என்னவோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போய்விட்டாள்.

இங்கே விண்ணப்பம் தீர்ந்துவிட்டது. உங்கள் ஊர்க் கல்வி அலுவலகத்தில் கிடைத்தால் வாங்கி அனுப்பு.

தோற்ற தங்கை,
வாலு


ஜூன் 1

தோற்ற தங்கைக்குத் தோற்காத அக்கா எழுதுவது. தேர்வே எழுதாதவள் தோற்பதெப்படி?

உன்னையும் அம்மாவையும் நினைத்தபடி நலமாக இருக்கிறேன்.

அரை நாள் லீவு போட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் உன் வயதுப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மா அப்பா. கவுன்டரில் இருந்தவர் நிமிராமலே, "பிள்ளைக்கு எத்தனை பாடம்?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால், எனக்கு இருபத்தியோரு வயதுதான் என்று அவரிடம் சண்டைக்குப் போயிருப்பேன்.

"தங்கச்சிக்கு ஒரு பாடம். கணக்கு" என்றேன். அவர் ஒரு படிவத்தைத் தள்ளினார். நான் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"இன்னொண்ணு குடுங்க. எனக்கு ரெண்டு பாடம்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் படிவம் இத்துடன் இருக்கிறது. என்னுடையதை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த ஜூலையில் கணக்கும் அறிவியலும், மற்ற மூன்றும் அடுத்த முறை. நீ இருபத்து எட்டு எடுத்தாய் என்று படித்ததும் எனக்கும் தைரியம் வந்தது, தப்பாக நினைக்காதே.

உன் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. பதினைந்தாம் தேதி லீவில் வருகிறேன். காலை ஏழு மணிக்கு ஆய்வகம் திறந்திருக்குமா என்று டீச்சரிடம் கேட்டு வை. ஒரு ஆள் கூடுதலாக வருகிறாள் என்று சொல்.

அக்கா